உடையாளோடு வந்த மலை

ராமநாதபுரத்துச் சீமையில் மழை மூன்று வருஷம் முகம் காட்டாமல் இருந்த காலத்தில், கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து போன சனம் அத்தனைக்கும் ஒரு மலையைத் தெரியும். மன்னாரில் தோணியை விட்டு இறங்கி, முள்ளுக்காட்டையும் வெடித்துக் கிடந்த குளங்களையும் எட்டு நாள் தாண்டி, பாதம் பிளந்து, நாக்குத் தடித்து, இந்தக் காட்டுக்கு மறுகரையே கிடையாது என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றுகிற நேரமாகப் பார்த்து, கிழக்கே மரங்களின் தலைக்கு மேலே அது தென்படும். கொம்பு இரண்டும் பின்னால் சாய, முதுகெலும்பு புடைக்க, கால்களை மடக்கிப் படுத்திருக்கிற கிழட்டு எருமை மாதிரி இருக்கும். எருமைக்கல் என்று அதற்குப் பேர். அந்தப் பேரை வைத்தவர்கள் போன வழியிலேயே செத்திருக்கலாம். பேர் மட்டும் தோணியேறித் திரும்பி வந்து, சீமையில் ஒவ்வொரு ஊர்ச் சாவடியிலும் உட்கார்ந்துகொண்டு, கிளம்புகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தது. எருமைக்கல்லை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஆறு நாள் நட, மாத்தளைக் கணவாய் வந்துவிடும். வலக்கைப் பக்கம் வந்துவிட்டதென்றால் யானைக்காட்டுக்குள் போகிறாய் என்று அர்த்தம், அங்கேயே நின்றுவிடு. இவ்வளவுதான் வழி. எழுத்து தெரியாதவர்களுக்கும் இது போதும், காய்ச்சலில் கண் மங்கியவர்களுக்கும் இது போதும்.

உடையாளுக்கும் இது போதுமாகத்தான் இருந்தது, அவள் புருஷன் தவசி படுக்கிற வரைக்கும்.

வேலாண்டிக் கங்காணி கூட்டி வந்த கூட்டத்தில் நாற்பத்து மூன்று பேர். எருமைக்கல் கண்ணில் பட்ட மறுநாள் காலையில் தவசிக்கு வாந்திபேதி கண்டது. உச்சி வேளைக்குள் அவன் கன்னம் ஒட்டிப்போய், குரல் தேய்ந்து, கைவிரல்கள் சுருங்கிவிட்டன. வழிப்போக்கர்களுக்காக யாரோ கட்டிப் போட்டிருந்த கூரை வேய்ந்த அம்பலம் ஒன்று அங்கே இருந்தது. எழுந்து நிற்க முடியாதவர்களை அதில் படுக்க வைத்து, தலைமாட்டில் ஒரு பானைத் தண்ணீரும் ஒரு படி அரிசியும் வைத்துவிட்டுப் போவது அந்த வழியின் வழக்கம்.

"ஒரு நாள் பொறுத்தா எந்திரிச்சிருவாரு, கங்காணியாரே" என்றாள் உடையாள்.

"ஒரு நாள் பொறுத்தா இன்னும் நாலு பேரு படுப்பாங்க, தாயி" என்றார் வேலாண்டி. அவர் கெட்டவர் இல்லை. போன வருஷம் தன் தம்பியை இதே அம்பலத்தில் விட்டுவிட்டு நடந்தவர். "இடுப்புல இருக்குற புள்ளையப் பாரு."

இடுப்பில் இருந்த பூவாயிக்கு ஐந்து வயசு. அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ புள்ள" என்றான் தவசி. "அவளுக்குத் தொடங்குறதுக்குள்ள போயிரு."

"எந்திரிச்சதும் வந்துரு மச்சான். எருமைக்கல்லை இடக்கைப் பக்கம் வச்சுக்க. வழி தப்பாது."

"ஊரு பூராச் சொன்னதுதான."

"இருந்தாலும் நான் சொன்னதா வச்சுக்க."

அவன் தலையசைத்தான். அவள் நடந்தாள். நடந்தவள் பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அம்பலம் மறைந்துவிட்டது, அம்பலத்தை மறைத்த மரங்களும் மறைந்துவிட்டன, பார்க்க மிஞ்சியது எருமைக்கல் ஒன்றுதான். அவன் இருக்கிற இடத்துக்கு அடையாளம் அது என்பதால் அவள் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் கழுத்து திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அது படுத்த இடத்தைவிட்டு எழுந்து, கொஞ்சம் நடந்து, மறுபடி படுத்துக்கொண்டது.

முதலில் கவனித்தது வேலாண்டிக் கங்காணிதான். ஆறு தடவை அந்த வழியில் போனவர். மூன்றாம் நாள் எருமைக்கல் கையளவாகச் சிறுத்திருக்க வேண்டும், நான்காம் நாள் கொம்பு மட்டும் தெரிய வேண்டும். அதுவோ ஐந்தாம் நாளும் முழு உடம்போடு பக்கத்திலேயே கிடந்தது. கூட்டத்தில் ஒரு பெண்தான், ஊர் எல்லைவரை ஆட்டுக்குட்டி கூடவே வந்துவிட்டதைச் சொல்கிற குரலில், "மலை வருது" என்றாள். எல்லாரும் பார்த்தார்கள். வந்துகொண்டுதான் இருந்தது. விட்டுவிட்டு வந்தவர்களின் பின்னால் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும் என்று நினைத்தார்கள். எல்லாருமே யாரையாவது விட்டுவிட்டு வந்தவர்கள் என்பதால் அதற்கு மேல் பேச்சு இல்லை. கணவாயில் பாதை குறுகலாக இருந்தது. சந்துக்குள் நுழைகிற எருமை விலாவை ஒடுக்கிக்கொள்வதுபோல அது தன்னை ஒடுக்கிக்கொண்டு, ஒரு கல்லையும் உருட்டிவிடாமல் ஏறி வந்தது.

ஊசிக்கல் தோட்டத்தில் உடையாளுக்கு, கூலி ஆட்களின் வரிசை வீடான லயத்தில் கடைசி அறை கொடுத்தார்கள். மலை லயத்துக்குப் பின்னால், கிழக்கே, ஓடைக்கு அப்பால் படுத்துக்கொண்டது.

தோட்டத்தில் அதனால் முதலில் வந்த சங்கடம், விடிவது தாமதமானதுதான். சூரியன் எருமைக்கல்லின் முதுகேறித் தாண்டி வர ஒரு நாழிகை பிடித்தது. பிரட்டுக் களத்தில் தப்படித்து ஆட்களை வரிசையில் நிற்க வைத்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை, குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டார். துரை குதிரையில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, நெடுநேரம் மலையைப் பார்த்தார். அப்புறம், இது யாருடைய கூட்டத்தோடு வந்தது என்று கேட்டார். "நம்ம ஆளுகதான் துரை" என்றார் வேலாண்டி. "லயத்துல இடம் கேக்கல. அரிசி கேக்கல." துரைக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஒரு மாசத்தில் நில அளவைக்காரர் ஒருவர் சங்கிலியும் கொடியுமாக வந்து மலையை நான்கு புறமும் அளந்து, தன்னுடைய வரைபடத்தில் வடக்கே ஓரிடத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டிவிட்டு, தெற்கே ஓரிடத்தில் மையால் வரைந்துகொண்டு போனார். துரை அதன் சரிவில் இருநூறு கோப்பிக் கன்றுகளை நட்டார். அவை பிடிக்கவில்லை. அது வெயில் காட்டு மலை. அதன் மண் அரிசித் தவிடுபோல உதிர்ந்தது. அதன் மேலிருந்த பாலையும் வீரையும் மலைநாட்டுப் பனியைக் கண்டு இலை சுருட்டிக்கொண்டன. அதோடு கூட வந்துவிட்ட மயில்கள் தோகையெல்லாம் நனைந்து, லயத்துக் கூரைகளில் ஏறி அடுப்புப் புகையில் குளிர்காய்ந்தன. விடியற்காலையில் மலை இருமுவது கேட்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். அதன் அடிவாரத்தில் நான்கு இடத்தில் தீ மூட்டி வைத்தார்கள்.

அடுத்த அறைக்காரி சிட்டாயிதான் அதன்மேல் முதலில் ஏறிப் பார்த்தவள். உடையாளைவிடப் பத்து வயசு மூத்தவள், உடையாள் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நாலு வருஷம் முன்னால் இரண்டு பிள்ளைகளை ஒரே நாளில் அந்த வழியில் பறிகொடுத்தவள். ஏறிப் போனவள் மாலையில் இறங்கி வந்து, உடையாளின் வாசலில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு மேடும் இருக்குடி" என்றாள். "எருமைக்கல் அடியில ஒரு வீரை மரத்துக்குக் கீழதான் பொதச்சோம். அந்த மரம் வந்திருக்கு. மேடும் வந்திருக்கு. பக்கத்துல வச்ச கல்லு கூட வந்திருக்கு."

அந்தச் சேதி தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் வரத் தொடங்கியது. இருபது மைல் தள்ளியிருந்த தோட்டங்களிலிருந்தும் சோற்றுமூட்டையோடு வந்தார்கள். அந்த வழியில் நடந்தவர்களில் எருமைக்கல்லின் அடிவாரத்தில் ஒரு மேட்டையோ, ஒரு தண்ணீர்ப் பானையையோ, ஒரு முனகலையோ விட்டுவிட்டு வராதவர்கள் குறைவு. தங்கள் மேட்டைத் தேடி எடுத்து, புல்லைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டத்துச் சங்கதிகளைச் சொன்னார்கள். துரைக்குக் காய்ச்சல், இந்தப் பூவில் கோப்பி நல்ல காய்ப்பு, உன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறது. மேடு கிடைக்காதவர்கள் பொதுவாக மலையைப் பார்த்துச் சொன்னார்கள். யாரும் உரக்க அழவில்லை. அழுவதற்கு ஓரிடம் கிடைத்ததும் அழுகை அவசரப்படவில்லை. ஊசிக்கல் தோட்டம் என்ற பேரே மறந்து எருமைத் தோட்டம் ஆயிற்று. உடையாளைப் பார்த்தால் வழிவிட்டு நின்றார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவள் மட்டும் மலையில் ஏறவே இல்லை. அவளுக்கு மேடு இல்லை. அவள் புருஷன் எந்திரிச்சு வருகிறவன். சாயங்காலங்களில் கணவாய்ப் பாதையின் முனையில் பூவாயியோடு நின்று பார்த்துவிட்டு வருவாள்.

மூன்று மாசம் போயிற்று. இடையில் புதுக் கூட்டம் ஒன்றும் வரவில்லை. சீமையில் மழை பெய்திருக்கும், அதனால்தான் யாரும் வரவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு ராக்கன் கங்காணியின் கூட்டம் வந்து சேர்ந்தது. எழுபது பேரோடு மன்னாரில் இறங்கியவர், பத்தொன்பது பேரோடு வந்தார். வந்தவர்களும் நடந்து வரவில்லை. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சரிந்து வந்தார்கள். பிரட்டுக் களத்தில் உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். ராக்கன் கங்காணி கஞ்சியைக் கையில் வாங்கியவர், லயத்துக்குப் பின்னால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கஞ்சி ஆறிப்போனது.

"இங்கயா இருக்கு" என்றார்.

கஞ்சியைத் தரையில் வைத்தார்.

"இருபத்தெட்டு நாளு. ஒரே குளத்தை அஞ்சு தடவை பாத்தோம். எங்களுக்கு முன்னால போன ரெண்டு கூட்டமும் யானைக்காட்டுக்குள்ள போயிருச்சு. பானையும் துணியும் கிடந்துச்சு. ஆளு இல்ல. நான் அவங்ககிட்டச் சொல்லிக்கிட்டே வந்தேன், நாளைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியும்னு."

உடையாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அம்பலத்துல ஒருத்தரு படுத்திருந்தாரே, பாத்தீகளா? இடது புருவத்துல வெட்டுத் தழும்பு."

"படுத்திருக்கல" என்றார் ராக்கன். "உக்காந்திருந்தாரு. குளத்தங்கரைச் சிங்களவுக ஊத்துன கஞ்சியில எந்திரிச்சுட்டாராம். எங்களைக் கண்டதும் ஓடி வந்து, எருமைக்கல்லை இடக்கைப் பக்கம் வச்சுக்குங்க, எம் பொண்டாட்டி சொல்லிட்டுப் போயிருக்கான்னாரு. எங்கய்யா எருமைக்கல்னு கேட்டேன். அவரு கிழக்கால கையக் காட்டுறாரு. வெறும் வானம். அதையே நானும் எந்திரிச்ச நாள்லருந்து பாக்குறேன், இங்கதான் எங்கயோ இருக்கணும், தேடிக் கண்டுபிடிச்சு வாரேன்னு சொல்லிட்டுக் காட்டுக்குள்ள போனாரு."

"வந்தாரா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்பதற்கும் தெரியாது என்பதற்கும் நடுவில் ஓர் ஆட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எருமைக்கல்லின் அடிவாரத்தில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஆனால் யாரும் மேட்டுப் பக்கம் போகவில்லை. மலையைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒருவர், புதுக் கூட்டங்களுக்கு இங்கிருந்து ஆள் அனுப்பிக் கூட்டி வரலாமே என்றார். மன்னாரில் எந்தக் கூட்டம் எப்போது இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும் என்று வேலாண்டி கேட்டார். இன்னொருவர், நாலு வருஷம் கழித்துக் கிடைத்த மகனை மறுபடி காட்டுக்கு அனுப்ப என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எல்லாரும் சிட்டாயியைப் பார்த்தார்கள்.

சிட்டாயி வீரை மரத்தடியில் உட்கார்ந்து, இரண்டு மேட்டின் மேலும் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ளைக பக்கத்துல இருக்கணும்னு" என்றாள், "ஊரான் புள்ளைக எத்தனையைக் காட்டுல அலைய விடுறது?" உடையாளைத் திரும்பிப் பார்த்தாள். "கொண்டுபோய் விட்டுட்டு வாடி. பூவாயிய நான் வச்சுக்கிறேன். போற வழியில இதுகளுக்குக் குலுங்காமப் பாத்துக்க."

உடையாள் மறுநாள் காலை, தப்பு அடிப்பதற்கு முன், யாரிடமும் உத்தரவு கேட்காமல் கணவாயில் இறங்கினாள். பத்தடிக்கு ஒருமுறை திரும்பினாள். எருமைக்கல் எழுந்து வந்தது. வெயில் காட்டு வாடை அடிக்க அடிக்க அதன் நடை இளகியது. இரண்டாம் நாள் அவள் ஒரு சோதனை செய்து பார்த்தாள்: கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பினாள். அப்போதும் வந்தது. கண்ணை மூடினாலும் மனசு பார்க்கிறது, கழுத்து திரும்பினால் போதும் என்று தெரிந்துகொண்டாள். ஏழாம் நாள் அதன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பாறாங்கல்லைப் புரட்டினால் அடியில் மண் வெளிறிக் கிடக்குமே, அப்படி ஒரு காதத்துக்கு மண் வெளிறிக் கிடந்தது. அதன் எதிரே நின்று அவள் மூன்று தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எருமைக்கல் அந்த வெளிறிய மண்ணில், முட்டைமேல் உட்காருகிற கோழியைப்போல, இப்படியும் அப்படியும் உடம்பை அசைத்து அமர்ந்துகொண்டது. அவள் ஏறிப் போய்ச் சிட்டாயியின் மேடுகளைப் பார்த்தாள். கலையவில்லை. இறங்கி வந்து அம்பலத்தில் உட்கார்ந்தாள்.

பதினோரு நாள் உட்கார்ந்திருந்தாள். குளத்தங்கரைச் சிங்களவர்கள் அவளுக்கும் கஞ்சி கொடுத்தார்கள். காடு எந்தப் பக்கம் அசைந்தாலும் எழுந்து நின்றாள். இரண்டு கூட்டங்கள் அவளைக் கடந்து, இடக்கைப் பக்கம் பார்த்துக்கொண்டே, தெற்கே போயின. தவசி வரவில்லை. பன்னிரண்டாம் நாள், தெற்கிலிருந்து சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கங்காணி அம்பலத்தில் இறங்கினார்.

"எருமைத் தோட்டத்துக்காரிதான நீ? சிட்டாயி சொல்லிவிட்டுச்சு. ஓம் புள்ளைக்குக் காய்ச்சல். சோறு எறங்கலையாம்."

அவள் எழுந்தாள். கிளம்புகிறவளிடம் அவர் இன்னொன்றும் சொன்னார்: பின்னால் ஒரு கூட்டம் வருகிறது, அறுபத்திரண்டு பேர், கங்காணிக்கே புது வழி, ஒரு நாள் தொலைவில் இருப்பார்கள். உடையாள் எருமைக்கல்லைப் பார்க்காமல் அதன் பக்கமாகக் கும்பிட்டுவிட்டு, தெற்கே முகத்தை வைத்தாள்.

போகும்போது திரும்புவது சுலபமாக இருந்தது. திரும்பாமல் போவதற்கு அவள் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் நாள் அப்படியே போயிற்று. இரண்டாம் நாள் உச்சி வெயிலில், மரமில்லாத ஒரு பொட்டலைக் கடந்துகொண்டிருந்தபோது, வெகுதூரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏ புள்ள."

அவள் நின்றாள். உடம்பு முழுக்கத் திரும்பத் துடித்தது, கழுத்தைத் தவிர. கழுத்தை அவள் பிடித்திருந்தாள்.

"ஏ புள்ள, நில்லு. நாந்தான்."

"வா மச்சான்" என்று தெற்கே பார்த்துக் கத்தினாள். "நிக்கிறேன். வா."

அவள் நின்றாள். குரல் இன்னொரு தரம் கேட்டது. ஆனால் கிட்டே வரவில்லை. அப்புறம் கேட்கவில்லை. உடையாள் பின்னுக்கு ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்புறம் இன்னொரு காலை. மாத்தளைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, குதிகாலால் மண்ணைத் தடவித் தடவி, முள்ளில் மிதித்து, இரண்டு தடவை மல்லாக்க விழுந்து எழுந்து, அந்தப் பொட்டலை முழுக்கப் பின்னடையாகவே நடந்து கடந்தாள். கடைசியில் குதிகாலில் ஒரு கை பட்டது. அவனைத் தாண்டி இன்னும் இரண்டடி பின்னுக்கு வைத்தாள். அப்போதுதான் அவன் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தான்.

எலும்பும் தாடியுமாகக் கிடந்தான். புருவத்துத் தழும்பு மட்டும் முன்போலவே இருந்தது.

"கூப்பிட்டா திரும்ப மாட்டியா?" என்றான். "கோவமா புள்ள?"

"கோவம் இல்ல மச்சான். நான் திரும்பினா எருமைக்கல் எந்திரிச்சு வந்துரும். அப்பிடித்தான் மொதல்லயும் எம் பின்னாலயே வந்துருச்சு. பின்னால அறுவத்திரெண்டு பேரு அதை நம்பி வாராக."

"அதான் காணோமா?" என்றான். "எங்கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்."

அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். முந்தின நாள் ஒரு கரையான் புற்றின்மேல் ஏறிப் பார்த்தபோது எருமைக்கல் பழையபடி படுத்திருந்தது கண்ணில் பட்டதாம்; அதை வைத்துத்தான் பாதையைப் பிடித்தானாம்; பொட்டலில் அவள் நடையைப் பார்த்து அவள்தான் என்று தெரிந்துகொண்டானாம். இதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. நடக்க முடியாது என்பதை இரண்டு பேரும் பேசாமலே தெரிந்துகொண்டார்கள். உடையாள் அவன் முன்னால் முதுகு காட்டிக் குந்தி, அவன் கைகளை இழுத்துத் தோளில் போட்டு, பிள்ளையைக் கட்டுவதுபோல முந்தானையால் அவனைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு எழுந்தாள். கனக்கவில்லை. அவன் கனத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தார்கள். அவன் தலை அவள் தோளில் பின்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"இருக்கா மச்சான்?" என்று கேட்டாள்.

"எது?"

"எருமைக்கல். எடத்துல இருக்கான்னு பாரு."

"இருக்கு. படுத்திருக்கு."

அவளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. அவள் கழுத்தை விட்டுவிட்டாள். கைகளால் அவன் கால்களைத் தாங்கிக்கொண்டாள். அவன் பூவாயியைப் பற்றிக் கேட்டான். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது என்றாள். பல்லை எங்கே போட்டாள் என்று கேட்டான். லயத்துக் கூரையில் எறிந்தாள், ஒரு மயில் அதைக் கொத்தித் தின்றுவிட்டது என்றாள். அவன் சிரித்தான், சத்தம் வரவில்லை, சிரிப்பு அவள் முதுகில் அசைந்தது. காய்ச்சல் என்பதை அவள் சொல்லவில்லை. ஓடை ஒன்று வந்தபோது, இருக்கா மச்சான் என்று கேட்டாள். இருக்கு புள்ள என்றான். வெயில் சாய்ந்தபோது கேட்டாள். மேற்கு வெளிச்சம் பட்டுப் பொன்னாட்டம் மின்னுது என்றான். இப்படியே நடந்து, கிளம்பிய ஆறாம் நாள் காலை, கணவாயின் முதல் ஏற்றத்தில் கேட்டபோது, "கொம்பு மட்டுந்தான் தெரியுது" என்றான். "சின்னதாயிருச்சு. எடத்துலதான் இருக்கு."

ஏற்றத்தில் மூச்சு வாங்கியதால் அவள் கொஞ்ச தூரம் பேசவில்லை. திருப்பம் ஒன்றில் நின்று, அவனைத் தூக்கிச் சரியாக வைத்துக்கொண்டு, "இருக்கா மச்சான்?" என்றாள்.

பதில் இல்லை.

இன்னும் பத்தடி நடந்து, "மச்சான், இருக்கா?" என்றாள்.

காற்று அடித்தது. தோளில் கிடந்த தாடி அசைந்தது. அவள் திரும்பவில்லை. உச்சி வேளைவரை, மேடு முழுசும் ஏறி முடித்து, கணவாயின் தோள் வடக்கை முற்றிலும் மறைக்கிற இடம் வரும்வரை, அவனைச் சுமந்துகொண்டு போனாள். அங்கே பாதையோரத்தில் அவனை இறக்கி, முந்தானையை அவிழ்த்து, அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

அறுபத்திரண்டு பேரும் மறுநாள் காலை அவளை அங்கே கண்டார்கள். குச்சியாலும் கையாலும் பாதிக் குழி தோண்டி வைத்திருந்தாள். ஆண்கள் மண்வெட்டியை இறக்கி மீதியைத் தோண்டினார்கள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புதுக் கங்காணி, இளவயசுக்காரர், குழி மூடியதும் அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வழி தப்பி அலைஞ்சவரா ஆத்தா? எங்களுக்கு ஒரு கஷ்டமும் தெரியல. சொன்ன வழியில நேரா வந்துட்டோம்."

"ஆமா" என்றாள் உடையாள். "நல்ல வழிதான்."

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது காலை வெயில் மறைப்பில்லாமல் லயத்துச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. ஓடைக்கு அப்பால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு சிட்டாயி வாசலில் நின்றிருந்தாள். உடையாளைக் கண்டதும் அவள் கேட்க நினைத்தது முகத்தில் வந்து நின்றது.

"மேடு ரெண்டும் கலையலக்கா" என்றாள் உடையாள். "பாத்துட்டுத்தான் வந்தேன்."

சிட்டாயி அவள் முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். "காய்ச்சல் நேத்தே எறங்கிருச்சு" என்றாள். "நான் ஊட்டினா வாயத் தொறக்க மாட்டேங்குறா. மொதல்ல அதுக்குச் சோறு போடு."

பூவாயி சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடையாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தைக் கொடுத்தாள். குழந்தை வாங்கிக்கொண்டது. மென்று விழுங்கிவிட்டு, வாசலைத் தாண்டிப் பார்த்தது.

"அய்யா எங்க ஆத்தா?"

"வழியில இருக்காரு" என்றாள் உடையாள்.

பூவாயி அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள்.